எடைமேடை இருபது நிமிடம் மூடியிருக்கும்

எங்கள் யார்டு ஆபீஸ் சுவரில் பன்னிரண்டு பெண்கள் இருக்கிறார்கள். எல்லோரும் படத்தில்தான். ஒருத்தி விமானம் ஓட்டுகிறாள். ஒருத்தி மலை உச்சியில் கொடி நட்டிருக்கிறாள். ஒருத்தி கோட்டுப் போட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறாள். அவள் என்ன சாதித்தாள் என்பது கீழே இங்கிலீஷில் இருக்கிறது, எனக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை அவர்கள் முகத்தைத் துடைப்பது என் வேலை. துறைமுகத்து லாரிப் புழுதிக்கு விமானக்காரி, மலைக்காரி என்ற பேதமெல்லாம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மீசை முளைத்திருக்கும்.

தரையில் நடமாடுகிற பெண்கள் என்று பார்த்தால் நாங்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. லாரி ஏறி எடை பார்க்கிற எடைமேடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவள் இன்னொருத்தி. மற்றதெல்லாம் ஆண்கள். எண்ணிப் பார்த்ததில்லை. டீ கொடுக்கும்போது எழுபது தம்ளர் போகும்.

எனக்கு வயது அறுபத்து நான்கு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் காலிப் பெட்டியைப் பெருக்கித் துடைப்பேன். பெட்டி என்று நாங்கள் சொல்வது கண்டெய்னரை. வெயிலில் கிடந்த பெட்டிக்குள் ஏறினால் அப்பளம் பொரிக்கலாம். உள்ளே ஒரு மணி நேரம் நின்றால் உடம்புத் தண்ணீரெல்லாம் சேலையில் இருக்கும். ஆனாலும் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். காலை ஏழு மணிக்கு அரைத் தம்ளர் கடுங்காப்பி. பிறகு சாயங்காலம் மில்லர்புரத்து வீட்டு வாசல் ஏறித்தான் செம்பைத் தூக்குவேன். குடித்தால் போக வேண்டும். போக இடம் இல்லை.

ஆண்களுக்கு இந்தக் கவலை கிடையாது. லாரிக்கு எத்தனை டயரோ அவர்களுக்கு அத்தனை கழிப்பறை. முன்பெல்லாம் நானும் அடுக்கி வைத்த காலிப் பெட்டிகளுக்கு நடுவிலுள்ள சந்துக்குள் ஓடிப் போய் வருவேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் களவைத் தடுக்கிறோம் என்று மூலைக்கு மூலை கேமரா வைத்தார்கள். வாசல் கேட்டு அறையில் பெரிய டிவியைப் போட்டுக்கொண்டு செக்யூரிட்டிகள் நாலு பேர் உட்கார்ந்து சந்து சந்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். களவு நின்றதோ இல்லையோ, நான் தண்ணீர் குடிப்பது அன்றோடு நின்றது.

பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று ஒரு மழைக்காலத்தில் அவசர அவசரமாகக் கட்டினார்கள். கதவில் பொட்டு வைத்த பெண் முகம். உள்ளே வெள்ளை டைல்ஸ். மேனேஜர் ரிப்பன் வெட்டினார். ஒரு பெண்ணின் மூத்திரத்துக்கு ஓர் ஆண் ரிப்பன் வெட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். கைதட்டவும் செய்தேன், எல்லோரும் தட்டினார்களே.

அதன் சாவி கேட்டு அறையில் இருந்தது. கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் ஒரு நோட்டு உண்டு. பெயர், போகிற நேரம், வருகிற நேரம், காரணம் எல்லாம் எழுத வேண்டும். நாலு ஆண்கள் முன்னால் குனிந்து நின்று காரணம் எழுத என்னால் ஆகாது. ஆண் முகம் பார்த்துப் பேசவே எனக்கு வராது. கேட்டதற்குத் தலையாட்டுவேன், அவ்வளவுதான். நான் சாவி கேட்கவில்லை. ஒரு வருஷம் போயிற்று. “ஒரு வருசமா யாரும் சாவியே கேக்கல. லேடீஸுக்கு அது தேவைப்படல, பாத்தீயளா” என்று மேனேஜர் சூப்பர்வைசரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பன்னிரண்டு படம் மாட்டத் தெரிந்த மனிதருக்கு இவ்வளவுதான் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் யார்டில் பெரிய கொண்டாட்டம் நடக்கும். பூஜை முடிந்ததும் ஆள் இடுப்பளவுக்கு இருக்கும் சரஸ்வதி படம், குத்துவிளக்கு, மணி, தாம்பாளம் இதையெல்லாம் எங்கே வைப்பது என்று வருஷா வருஷம் சண்டை. அந்த வருஷம் சூப்பர்வைசர் ஒரு வழி கண்டுபிடித்தார். “யார்டுலயே சுத்தமான இடம் அதுதான். ஒரு ஆளு கால் வச்சது கிடையாது.” லோடுமேன்கள் சரஸ்வதியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெண்கள் கழிப்பறையில் சாத்தி வைத்தார்கள். பொட்டு வைத்து, சூடமும் கொளுத்தினார்கள். கழிப்பறைப் பேசினுக்கு மேலே ஒரு பலகையைப் போட்டு அதில் குத்துவிளக்கு. எங்கள் யார்டுப் பெண்கள் கழிப்பறைக்குள் முதன்முதலில் நுழைந்த பெண் அவள்தான். அவளுக்கு நோட்டில் காரணம் எழுதுகிற தொல்லை இல்லை.

இதற்குப் பிறகுதான் எடைமேடைக்கு இவள் வந்தாள். முன்னே இருந்த ஆள் சவூதிக்குப் போய்விட்டான். இவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆறுமுகநேரிப் பக்கம், உப்பளத்தில் வேலை பார்த்த குடும்பம். பேச்சிலும் உப்பு கொஞ்சம் தூக்கல். முதல் நாளே பெருக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள்.

“எக்கா, பாத்ரூம் எங்கன?”

நான் நாடியைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டினேன்.

“வாயில என்ன, வெத்தலையா?” என்று கேட்டுவிட்டு நேரே கேட்டு அறைக்குப் போய், லாரிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “லேடீஸ் பாத்ரூம் சாவியைக் கொடுங்க” என்றாள். எனக்கு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் போல வந்தது.

செக்யூரிட்டி ஒருவர் கூடவே போய்க் கதவைத் திறந்தார். திறந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி சாத்தினார்.

“உள்ள சாமி இருக்கு தாயி.”

“அதுக்கு நான் எங்க போக?”

“அது எனக்கெப்படித் தெரியும்? சாமி இருக்க இடத்துல எப்படி… நீயே சொல்லு.”

“சாமியை எடுத்து வெளிய வையுங்க.”

“அப்படியெல்லாம் எடுக்கக் கூடாது. சூடம் காட்டின இடம்.”

மேனேஜரிடம் போனாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழிப்பறையாக இருந்தாலும் பூஜை நடந்துவிட்டது, இனி அதை அப்படி உபயோகித்தால் லோடுமேன்கள் மனசு புண்படும், வேறு இடம் பார்க்கலாம், தலைமை ஆபீஸுக்கு எழுதிப் போடலாம் என்றார். இந்த லோடுமேன்களுடைய மனசு எப்பேர்ப்பட்டது என்று எனக்குத் தெரியும். நான் பெருக்கிய பெட்டிக்குள்ளேயே அவர்கள் மூலை பார்த்து நின்றதை எத்தனையோ தடவை கழுவியிருக்கிறேன்.

அவள் திரும்பிக் கூண்டுக்குப் போய்விட்டாள். சரி, இவளும் நாளையிலிருந்து என்னைப் போலத் தண்ணீர் குடிக்காமல் பழகிக்கொள்வாள் என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்குக் கூண்டைப் பூட்டினாள். ஒரு அட்டையில் பேனாவால் கொட்டையாக எழுதிக் கதவில் தொங்கவிட்டாள். “ஒன்றுக்குப் போயிருக்கிறேன். எடைமேடை இருபது நிமிடம் மூடியிருக்கும்.” ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டிலிருக்கும் பெட்ரோல் பங்குக்குப் போய்விட்டாள்.

எடைச்சீட்டு இல்லாமல் ஒரு லாரி கேட்டைத் தாண்ட முடியாது. இருபது நிமிடத்தில் பதினோரு லாரி வரிசை கட்டியது. ஒருவன் ஹாரனை அழுத்தினான், அடுத்தவன் அழுத்தினான், அப்புறம் எல்லோரும் அழுத்தினார்கள். அட்டையை வாசித்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். அவள் வந்ததும் ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

“என்ன மதினி, சுகமாப் போயிட்டு வந்தியளா?”

“நான் மதினின்னா உங்கண்ணன்கிட்டப் போய் எடைச்சீட்டை வாங்கிக்கோலே. வரிசையில கடைசியாப் போ.”

அவன் நிஜமாகவே கடைசிக்குப் போனான். சீட்டு அவள் கையிலல்லவா இருக்கிறது.

மூன்று மணிக்கு மறுபடியும் அட்டை. மறுநாளும் அட்டை. சூப்பர்வைசர் அதைக் கிழித்துப் போட்டால் இன்னொன்று எழுதுவாள், எழுத்து முன்னைவிடப் பெரிதாக இருக்கும். “எதுக்கு ஆச்சி அவ இப்படி மானத்தை வாங்குதா?” என்று என்னிடம் வந்து கேட்டார் சூப்பர்வைசர். யாருடைய மானம் என்று நான் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

நான் அவளை மெச்சிக்கொண்டேன் என்று யாராவது நினைத்தால் தப்பு. எனக்கு அவளைப் பார்த்தால் கூசியது. பெண்பிள்ளை அட்டையில் எழுதுகிற விஷயமா இது? அவளிடம் மரியாதையும் கொஞ்சம் குறைவுதான். என் தூக்குவாளியைக் கேட்காமல் திறந்து நார்த்தங்காயை எடுத்துத் தின்பாள். “உப்பு பத்தாது எக்கா” என்றும் சொல்வாள். உப்பளத்தில் பிறந்தவளுக்கு எந்த ஊறுகாயில்தான் உப்பு பத்தும்.

ஒருநாள் அவள் கூண்டைத் துடைக்கும்போது எனக்கு அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்து மேசையைப் பற்றிக்கொண்டேன். நீர்க்கடுப்பு. அடிக்கடி வந்துகொண்டுதான் இருந்தது. அன்று சொட்டுச் சொட்டாக ரத்தமும் கண்டிருந்தது. சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் சிறுநீரகம் போய்விடும் என்றார். குடித்துவிட்டு எங்கே போவது என்று அவரிடம் கேட்கவில்லை. அவரும் ஆண்தானே.

மறுநாள் கூண்டைப் பெருக்கும்போது இவளிடம் சொன்னேன். எப்படிச் சொல்ல வந்தது என்று தெரியவில்லை. அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எங்கம்மையும் உங்களை மாதிரிதான். அளத்துல ஒரு மரம் மறைவு உண்டா? பகல் பூரா அடக்கிக்கிட்டே உப்பு வாருனா. நாப்பத்தாறு வயசுல ரெண்டு கிட்னியும் போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்துகிட்டு, ‘இங்கன பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு பாத்தியாளா’ன்னு சந்தோசப்பட்டா. அந்தச் சந்தோசத்தைப் பாத்தபொறவு எனக்கு வெக்கம்னு ஒண்ணு கிடையாது எக்கா.”

அவள் ஒரு லாரி நம்பரை மைக்கில் கூப்பிட்டாள்.

அந்த வாரம்தான் மகளிர் தினம் வந்தது. தலைமை ஆபீஸிலிருந்து சுடிதார் போட்ட பிள்ளை ஒன்று வந்தது. ஆட்களைக் கவனிக்கிற வேலையாம் அதற்கு. எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தது. “உங்களுக்கு முன்மாதிரியாக விளங்கும் பெண் யார்? ஏன்?” ஆண்கள் எல்லோரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுதினார்கள். மேசை துடைக்கிற சாக்கில் நானும் பார்த்தேன். அம்மா, அம்மா, செத்துப்போன அம்மா. பெற்ற தாயை அண்ணன் வீட்டில் தள்ளிவிட்டு எட்டிப் பார்க்காதவரும் அம்மா என்றுதான் எழுதியிருந்தார். ஒருவர் பூமித்தாய் என்று எழுதியிருந்தார். ஒரு கிளார்க் தன் மனைவி பெயரை எழுதி, “எதையும் கேட்க மாட்டாள்” என்று காரணமும் போட்டிருந்தார். முன்மாதிரியாம். வாய் திறக்காதவள், செத்துப்போனவள், மண். இந்த மூன்று பேரைத்தான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பதினைந்து அடி தள்ளிக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருத்தி உயிரோடு உட்கார்ந்திருப்பது எழுபது பேரில் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அவர்களைச் சொல்வானேன், எனக்கே தெரியவில்லை. என் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தாளை வாங்க வந்த பிள்ளைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எடைமேடைக்காரி மேல் மேனேஜர் புகார் எழுதியிருந்தார். வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போகிறாள், அசிங்கமாக போர்டு வைக்கிறாள், அவளால் ஒரு கப்பலுக்கு நாலு பெட்டி தவறிவிட்டது என்று. அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை. அதில் குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். அந்தப் பிள்ளை மேனேஜர் அறையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது.

“ஆச்சி, இங்க லேடீஸ் டாய்லெட் இருக்குல்ல?”

மேனேஜர் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தார். சூப்பர்வைசர் கதவில் சாய்ந்து நின்றார்.

நான் தலையாட்டினேன்.

“நீங்க யூஸ் பண்றீங்கதானே?”

அதற்கும் தலையாட்டினேன். அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டது. எனக்கு ஆட்டத் தெரிந்த ஒரே விஷயத்தை நன்றாக ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டு, “நல்ல மனுஷி” என்றார். எழுபது வீட்டுச் சாணியைக் கரைத்து என் தலையில் ஊற்றியிருந்தால்கூட அவ்வளவு நாறியிருக்க மாட்டேன்.

செய்தி அவளுக்கு அரை மணி நேரத்தில் போய்விட்டது. சாயங்காலம் கூண்டைப் பெருக்கப் போனேன். கால் வரவில்லை, போனேன். நாலு வார்த்தை ஏசிவிட்டால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை.

“எக்கா, உங்க முகத்துல தோல் எப்படி வறண்டு கிடக்கு பாருங்க. தண்ணி குடிங்க.”

தன் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள். நான் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் செம்பைத் தூக்க மனசு வரவில்லை. மூன்று நாள் இருந்தது செவ்வாய்க்கிழமைக்கு. அந்த மூன்று நாளும் அவளை நினைத்தேனா, என் சிறுநீரகத்தை நினைத்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் நோட்டில் எழுதிச் சாவி வாங்கியிருந்தால் சரஸ்வதி அங்கே போயிருக்க மாட்டாள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டி பெருக்கப் போகவில்லை. ஆபீஸ் பானையிலிருந்து செம்பு செம்பாகக் குடித்தேன். நாலு செம்பு. சூப்பர்வைசர், “என்ன ஆச்சி, பானையைக் காலி பண்ணுதீய” என்றார். குடித்துக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்கு விசாரணை. சுடிதார்ப் பிள்ளை காரில் வந்து இறங்கி மேனேஜர் அறைக்குள் போனது. எடைமேடைக்காரியைப் பத்தரைக்குக் கூப்பிடுவதாக இருந்தது. பத்து மணிக்கெல்லாம் எனக்கு முட்டிக்கொண்டு நின்றது.

கேட்டு அறைக்குப் போய்க் கையை நீட்டினேன்.

“என்ன ஆச்சி?”

நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன்.

“ஓ, சாமி ரூமா? ஆமா, தூசி அடைஞ்சு கிடக்கும், தொடச்சு வைங்க” என்று கொடுத்துவிட்டார். நோட்டையும் இழுத்துப் பெயர் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் நிதானமாக எழுதினேன், “ஒன்னுக்கு.” எழுத்து கோணல். அவர் அதை வாசிப்பதற்குள் நான் போய்விட்டேன்.

கதவைத் திறந்தேன். சரஸ்வதி கண்ணாடியில் பல்லி எச்சம். முந்தானையால் துடைத்தேன். படத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நல்ல கனம். வெளியே வந்து யார்டுக்கு நடுவே நடந்தேன்.

எனக்கு ஒன்று தெரிந்திருக்கவில்லை. சாமியைத் தூக்கிக்கொண்டு வருகிறவளை ஆண்கள் தடுக்க மாட்டார்கள். சும்மா நடந்து போனால் “ஏ ஆச்சி, ஓரமாப் போ” என்கிறவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். ஒருவர் காலில் கிடந்த செருப்பை உதறினார். சூப்பர்வைசர்தான் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஆச்சி, என்ன செய்தீய? எங்க கொண்டு போறீய? கீழ வைங்க!”

“சாமியைக் கீழ வைக்கவா? என்னவே பேசுதீரு?” என்று ஒரு லோடுமேன் அவரை அதட்டினார். பாவம், மனசு புண்பட்டுவிட்டது.

நான் நிற்கவில்லை. நின்றால் அங்கேயே ஆகிவிடும், அந்த நிலைமை. மேனேஜர் அறைக் கதவைத் தோளால் தள்ளினேன். மேனேஜர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், எழுந்து ஷூவைக் கழற்றினார். விசாரணைத் தாள்கள் பரத்திக் கிடந்த மேசையில் சரஸ்வதியைச் சாத்தி வைத்தேன்.

“இது எங்க இருந்தது?” என்று அந்தப் பிள்ளை கேட்டது.

“ஸ்டோர் ரூம்ல” என்றார் மேனேஜர்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. நாலு செம்பு குடித்த பிறகும். ஆனால் கீழே முட்டுகிறபோது வெட்கத்துக்கு நேரம் கிடையாது.

“பொம்பளைங்க கக்கூஸ்ல” என்றேன். “அன்னைக்கு நான் தலையாட்டுனது பொய் பிள்ளே. ஒரு நாள்கூட நான் அங்க போனதில்ல. அவளும் போனதில்ல.”

அந்தப் பிள்ளை மேனேஜரைப் பார்த்தது. மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பிள்ளை தாள்களைச் சரஸ்வதிக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் பையில் போட்டது.

“இனி இதுல விசாரிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு?” என்றது. “எங்க சார்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? சாமியை அங்க வச்சிருந்தோம்னா?”

மேனேஜர், வேறு இடம் பார்க்கலாம், எழுதிப் போடலாம் என்று ஏதோ தொடங்கினார். மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை. ஓடினேன். அறுபத்து நான்கு வயதில், எழுபது ஆண்கள் பார்க்க, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். குத்துவிளக்கையும் மணியையும் தாம்பாளத்தையும் பலகையையும் வாசலுக்கு வெளியே வைத்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகையும் வரவில்லை, சாமியும் ஞாபகம் வரவில்லை. ஆறு வருஷம் ஆயிற்றே என்றுதான் இருந்தது. எரிச்சலாக எரிந்தது. ஆனாலும் சுகம்.

குழாயைத் திருகினேன். புஸ் என்று காற்று வந்தது.

அப்போது யார்டு முழுக்க மைக் அலறியது. லாரி நம்பர் கூப்பிடுகிற அதே மைக். கூண்டிலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“எக்கா! தண்ணி வருதா?”

வெளியே ஒரு சத்தம் இல்லை. ஹாரன்கூட இல்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, என் தொண்டைக்கு இருந்த சத்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன்.

“சொட்டுக்கூட வரலைளா! மோட்டாரைப் போடச் சொல்லு!”

யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. மோட்டார் ஓடத் தொடங்கியது.